காஞ்சியில் காவிரி எங்கே ஓடுகிறது? ராமசங்கர் ராயின் நாடகத்தை முன்வைத்து

ஜூன் 9, இரவு

வாசகர் ஒருவர் கேட்டது: "ஒடியா மொழியின் முதல் நாடகத்துக்கு 'காஞ்சி காவேரி' என்று பெயராம். காஞ்சிபுரத்தில் ஓடுவது பாலாறும் வேகவதியும். காவிரிக்கும் காஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? ஊரும் தெரியாமல் ஆறும் தெரியாமல் எழுதியவரையா நாடக ஆசிரியர் என்று கொண்டாடுகிறார்கள்?"

இந்தக் கேள்விக்கு எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ராமசங்கர் ராய் ஒடிசாவின் கட்டக் நகரில் வழக்கறிஞராக இருந்தவர். 1880இல் இந்த நாடகத்தை எழுதியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். பெயர் அவர் வைத்ததும் அல்ல. அவருக்கு வெகு காலம் முன்பே புருஷோத்தம தாஸ் என்ற கவி இதே பெயரில் ஒரு காவியம் பாடியிருக்கிறார். பூரி கோயிலின் ஏடான மாதளா பாஞ்சியிலும் இந்தக் கதை இருக்கிறது.

நான் கட்டக்கில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் குடியிருந்த வீட்டு உரிமையாளரின் தாயாரை எல்லோரும் மாவுசி என்று அழைப்பார்கள், சித்தி என்று பொருள். நான் தமிழ்நாட்டுக்காரி என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காஞ்சிகாவேரியிலிருந்தா வருகிறாய்?" என்பதுதான். ஒரே மூச்சில், ஒரே சொல்லாகச் சொன்னார். நாம் 'காசி ராமேசுவரம்' என்று சொல்லும்போது காசிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே எத்தனை காதம் என்று யாராவது கணக்குப் பார்க்கிறோமா? அவர்களுக்குத் தெற்கின் கடைசி எல்லை காஞ்சிகாவேரி. அவ்வளவுதான்.

ஜூன் 10, காலை

இரவில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கதையே தெரியாதவர்களிடம் கோபப்பட்டு என்ன பயன்? கதையைச் சொல்கிறேன்.

ஒடிசாவின் கஜபதி அரசர் புருஷோத்தம தேவர் (ஆட்சி 1467 முதல் 1497 வரை), காஞ்சி அரசரின் மகள் பத்மாவதியைப் பெண் கேட்கிறார். காஞ்சியிலிருந்து மாப்பிள்ளை பார்க்கப் பூரிக்கு வருகிறார்கள். வந்த நேரம் தேர்த் திருவிழா. அன்று கஜபதி அரசர் பொற்பிடி போட்ட துடைப்பத்தை எடுத்து, சந்தன நீர் தெளித்து, மூன்று தேர்களின் தட்டையும் பெருக்க வேண்டும். சேரா பஹன்ரா என்று அதற்குப் பெயர். இன்றும் பூரியின் பட்டத்து அரசர் அதைச் செய்கிறார். பார்த்த காஞ்சிக்காரர்கள், "தெருக் கூட்டுகிறவனுக்கா எங்கள் பெண்ணைத் தருவோம்?" என்று திரும்பிவிடுகிறார்கள்.

படையெடுத்துப் போன புருஷோத்தமர் முதல் முறை தோற்றுத் திரும்புகிறார். ஜகந்நாதரிடம் அழுகிறார். இரண்டாம் முறை படை கிளம்பும்போது, அதற்கு முன்னாலேயே இரண்டு குதிரை வீரர்கள் போகிறார்கள். ஒருவர் கறுப்புக் குதிரையில், மற்றவர் வெள்ளைக் குதிரையில். சிலிக்கா ஏரிக்கரையில் மாணிகா என்ற இடைச்சியிடம் தயிர் வாங்கிக் குடிக்கிறார்கள். கையில் காசு இல்லை. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்து, "பின்னால் அரசர் வருகிறார், அவரிடம் இதைக் காட்டிக் காசு வாங்கிக்கொள்" என்கிறார்கள். அரசர் வந்து மோதிரத்தைப் பார்க்கிறார். அது ஜகந்நாதரின் மோதிரம். முன்னால் போனவர்கள் ஜகந்நாதரும் பலபத்திரரும்.

காஞ்சி வீழ்கிறது. பத்மாவதியைச் சிறைபிடித்து வந்த அரசர், "இவளை ஒரு துப்புரவுக்காரனுக்குக் கட்டிவை" என்று அமைச்சருக்கு ஆணையிடுகிறார். அமைச்சர் காத்திருக்கிறார். அடுத்த தேர்த் திருவிழாவில் அரசர் துடைப்பத்தோடு தேர்த்தட்டில் நிற்கும்போது பத்மாவதியை அழைத்துவந்து, "தாங்கள் கேட்ட துப்புரவுக்காரர் இவர்தான்" என்கிறார்.

நாடகமாக்க இதைவிட நல்ல முடிவு எங்கே கிடைக்கும்? எந்தத் துடைப்பத்தைக் காட்டி ஏளனம் செய்தார்களோ அதே துடைப்பம் திருமணத்தை நடத்திவைக்கிறது. ஓர் இளைஞர் இந்தக் கதையைத் தேர்ந்ததில் மேடையறிவு இருக்கிறது.

ஜூன் 10, மாலை

திருத்தம். 'முதல் நாடகம்' என்று கேள்வியில் இருந்ததை மறுக்காமல் விட்டுவிட்டேன். கட்டக்கில் இதைச் சொல்லியிருந்தால் யாராவது உடனே நிறுத்தியிருப்பார்கள். ஜகன்மோகன் லாலாவின் 'பாபாஜி' 1877இல் வந்துவிட்டது. கட்டக் மாவட்டத்து மகாங்காவில், ஒரு கிராமத்தில், சொந்த முயற்சியில் மேடை கட்டி நாடகம் போட்டவர் அவர். குடியையும் போலிச் சாமியார்களையும் சாடும் நாடகம். ஆகவே முதல் நவீன ஒடியா நாடகம் 'பாபாஜி', முதல் வரலாற்று நாடகம் 'காஞ்சி காவேரி' என்பதே சரி.

இருந்தும் பல ஆண்டுகள் ராமசங்கரையே ஒடியா நாடகத்தின் தந்தை என்று சொல்லிவந்ததற்குக் காரணம் உண்டு. நகரம், அச்சகம், பத்திரிகை எல்லாம் அவர் பக்கம் இருந்தன. அவருடைய அண்ணன் கௌரிசங்கர் ராய்தான் 'உத்கல தீபிகா' ஆசிரியர். லாலாவிடம் ஒரு கிராமமும் ஒரு மேடையும் இருந்தன. எனக்கு லாலாவின் மேல் இரக்கம் அதிகம். ஆனால் மேடைக்கு இடைவிடாமல் எழுதி, ஒரு தலைமுறைக்கே நாடகம் பார்க்கப் பழக்கியவர் ராமசங்கர்.

ஜூன் 13

"1880இல் எதற்கு ஒரு பதினைந்தாம் நூற்றாண்டுச் சண்டை?" என்று ஒரு நண்பர் கேட்கிறார். நல்ல கேள்வி. இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

1866இல் ஒடிசாவைப் பஞ்சம் தின்றது. நஅங்க பஞ்சம் என்பார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள், மூன்றில் ஒருவர். அதே ஆண்டில்தான் கட்டக்கில் 'உத்கல தீபிகா' தொடங்குகிறது. அரிசி வந்ததா, எங்கே தேங்கி நிற்கிறது என்று எழுதிய பத்திரிகை அது. நாட்டுக்கென்று ஒரு நிலமும் கிடையாது. கட்டக்கும் பூரியும் பாலேஸ்வரும் வங்காள மாகாணத்தில், கஞ்சம் நம் சென்னை மாகாணத்தில், சம்பல்பூர் மத்திய மாகாணத்தில். 1870இல் காந்திசந்திர பட்டாச்சார்யா என்ற பள்ளி ஆசிரியர், ஒடியா ஒரு தனி மொழியே அல்ல என்று ஒரு சிறு நூல் போட்டார். பள்ளிகளில் வங்காளப் பாடநூல்களே போதும் என்ற பேச்சு கிளம்பியது.

அந்தப் போரில் ஒடியாவின் பக்கம் முன்னணியில் நின்றவர் கௌரிசங்கர் ராய். இந்த ராய் குடும்பம் வங்காள வழி வந்து ஒடிசாவில் வேரூன்றிய குடும்பம். தாய்வழிப் பெருமைக்காக அவர்கள் ஒடியாவைத் தூக்கிப்பிடிக்கவில்லை. சோறு போட்ட மண்ணின் மொழி அழியக்கூடாது என்று நின்றார்கள். அந்த வீட்டில் வளர்ந்த தம்பி, கட்டக்கில் வங்காளிகள் வங்காள நாடகங்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒடிசாவில் அரசுப் பணியில் இருந்த வங்கக் கவி ரங்கலால் பந்தோபாத்யாயரோ 1879இல் இதே காஞ்சி காவேரிக் கதையை வங்காளத்தில் காவியமாக்கிவிட்டார். எங்கள் அரசன் கதையை எங்கள் மொழியில், எங்கள் மேடையில் சொல்ல வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றாமல் இருக்குமா? அடுத்த ஆண்டே நாடகம் வந்துவிட்டது.

அவமானப்பட்ட அரசன், தோற்றுத் திரும்பிய அரசன், தெய்வமே முன்னால் குதிரை ஏறிப் போக மீண்டும் எழுந்த அரசன். பஞ்சத்துக்குப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு கட்டக்கில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது பழங்கதையாகவா இருந்திருக்கும்?

ஜூன் 14

சிலருக்கு நேற்று எழுதியது பிடிக்கவில்லை. "அப்படியானால் நம் காஞ்சி தோற்றது அவர்களுக்குக் கொண்டாட்டமா? காஞ்சியில் அப்படி ஓர் அரசனும் இல்லை, பத்மாவதியும் இல்லை" என்கிறார்கள்.

பத்மாவதியைப் பற்றி நம் பக்கம் ஒரு சொல்லும் இல்லை என்பது உண்மை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லாதீர்கள். புருஷோத்தமரின் தந்தை கபிலேந்திர தேவரின் படை 1464 வாக்கில் காஞ்சியைக் கடந்து காவிரிக் கரைவரை வந்தது. ஆக, தலைப்பில் இருக்கும் காவிரி வெறும் அலங்காரம் அல்ல. நடுநாட்டில் முன்னூர்க் கோயில் கல்வெட்டில் கபிலேந்திரரின் பேரன் பெயரே இருக்கிறது, தட்சிண கபிலேசுவர குமார மகாபாத்திரன் என்று. திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பைக் கல்வெட்டு அந்தக் காலத்தை 'ஒட்டியன் கலபை' என்று குறிக்கிறது. ஒட்டியன் என்றால் ஒடிசாக்காரன், கலபை என்றால் கலகம், குழப்பம். அதன் பிறகு கோயில்கள் பாழ்பட்டுக் கிடந்ததையும் சொல்கிறது.

கதையில் வரும் காஞ்சி அரசர் சாளுவ நரசிம்மர்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலருடைய கருத்து. சந்திரகிரியைத் தலைமையிடமாகக் கொண்டு, விஜயநகரத்தின் கீழ் இந்தப் பகுதியை ஆண்டவர்.

ஒரே படையெடுப்புக் காலம். அவர்களிடம் தயிர்க்காரியும் மோதிரமும் துடைப்பமும் நிற்கின்றன, நம்மிடம் பூசை நின்றுபோன கோயில் நிற்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நமக்கு இந்த நாடகம் முழுதாகப் புரியும்.

ஜூன் 15

ஜம்பைக்கு நான் போயிருக்கிறேன். அதியமான் பெயர் பொறித்த குகைக் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். நான் சிவன் கோயில் சுவரைப் பார்க்கப் போனேன். சுவர் முழுக்க எழுத்து. விளக்குப் புகையும் எண்ணெயும் படிந்த இடத்தில் ஒரு வரியையும் பிரித்துப் படிக்க முடியவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன். 'ஒட்டிய' என்று நான்கு எழுத்தாவது கிடைக்குமா என்று ஒரு மணி நேரம் நின்றேன். கிடைக்கவில்லை. கோயிலில் விளக்கு ஏற்ற வந்த பெரியவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "ஒட்டன் என்றால் கிணறு வெட்டுகிறவர்கள் அல்லவா?" என்றார். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊர் அஞ்சிய சொல்லுக்கு இன்று இங்கே வேறு பொருள்.

மாவுசியிடம் பிறகு தொலைபேசியில் இதைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. "கோயிலையா?" என்று மட்டும் கேட்டார். "எங்கள் ஆட்கள் கோயிலையா?"

ஜூன் 19

பெண் வாசகர் ஒருவர் எழுதியிருப்பது மனத்தைத் தைக்கிறது: "இந்தக் கதையில் பத்மாவதியை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?"

கேட்கவில்லை. அப்பா மறுக்கிறார், அரசர் சிறைபிடிக்கிறார், அமைச்சர் மாலையைக் கையில் கொடுக்கிறார். துப்புரவுக்காரனுக்குக் கட்டிவைப்பது தண்டனை என்று அரசரே நினைக்கிறார் அல்லவா, அதுவும் எனக்கு உறுத்துகிறது. கடவுளின் முன்னால் துடைப்பம் பிடிப்பது பெருமை, தெருவில் பிடிப்பவனோ தண்டனையாகக் காட்டப்படுகிறான். ஜூன் 10 அன்று முடிவைப் புகழ்ந்து எழுதியபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. மேடைக்கு நல்ல முடிவு என்பதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணுக்கு நல்ல முடிவா என்று அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 20

ஒரு நாள் யோசித்ததில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. ராமசங்கர் 'காஞ்சி காவேரி'யோடு நின்றவர் அல்ல. 'ராமவனவாசம்', 'கம்சவதம்' என்று புராண நாடகங்கள் எழுதினார். 'கலிகாலம்', 'யுகதர்மம்' என்று தன் காலத்துச் சமூகத்தைப் பற்றி எழுதினார். 'விவாசினி' என்று 1891இல் ஒரு நாவல். அதற்கும் முன்பு 'சௌதாமினி' என்று ஒரு நாவலைத் தொடராகத் தொடங்கி முடிக்காமல் விட்டார். 1890களில் எழுதிய நாடகம் ஒன்றின் பெயர் 'புடா வர', அதாவது கிழட்டு மாப்பிள்ளை. சிறு பெண்களைக் கிழவர்களுக்குக் கட்டிக்கொடுக்கும் வழக்கத்தை மேடையேற்றிச் சாடியது.

பத்மாவதியிடம் யாரும் கேட்காத கேள்வியை அதே ஆசிரியர் சில ஆண்டுகள் கழித்துக் கேட்டிருக்கிறார். கஞ்சத்துக்குத் தெற்கே, ஆந்திரக் கடலோரப் பகுதியின் விஜயநகரத்தில் (முன்பு சொன்ன பேரரசின் விஜயநகரம் வேறு) குரஜாடா அப்பாராவின் 'கன்யாசுல்கம்' தெலுங்கில் 1892இல் மேடையேறியது. அதிலும் கிழவருக்கு விற்கப்படும் சிறுமி. ஒரே கடற்கரையில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இரண்டு மொழிகளில் ஒரே நோய்க்கு இரண்டு பேர் மருந்து அரைத்திருக்கிறார்கள். நமக்கு 'மனோன்மணீயம்' வந்தது 1891இல். ஆனால் அது படிப்பதற்கு வந்த நாடகம்.

'புடா வர' நூலைத் தேடி ஒரு நூலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். பட்டியலில் இருந்தது, அலமாரியில் இல்லை. ஐந்தாம் முறை போனபோது பட்டியல் அட்டையும் இல்லை. இன்றுவரை அந்த ஏமாற்றம் ஆறவில்லை.

ஜூன் 24

படம் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: ஒடிசாவில் எங்கு போனாலும் இருக்கிறது. ஜகந்நாதர் கோயிலில் கருவறைக்கு முன்னுள்ள ஜகமோகன மண்டபச் சுவரில் இருக்கிறது, பட்டசித்திரத்தில் இருக்கிறது. பூரிக்கு அருகே ரகுராஜ்பூரில் ஓர் ஓவியர் திண்ணையில் உட்கார்ந்து இதை வரைவதைப் பாதி நாள் பார்த்தேன். துணிக்குப் புளியங்கொட்டைப் பசையும் சுண்ணமும் தடவிக் காயவைத்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். வெள்ளைக் குதிரைக்குச் சங்கை அரைத்த வெள்ளை. கறுப்புக் குதிரைக்கு விளக்குக் கரி. இரண்டு குதிரைகளுக்கும் நடுவே மாணிகா, கையில் தயிர்ப்பானை. ஓவியர் அவள் கண்ணைக் கடைசியில்தான் திறந்தார். அதுவரை படத்தில் எல்லோரும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண் வந்ததும் அவள் மோதிரத்தைப் பார்த்தாள்.

நான் அன்று வாங்கிய சிறு படம் இப்போது என் மேசைக்கு மேலே இருக்கிறது. பானைக்கு நேரே மட்டும் கொஞ்சம் நிறம் உதிர்ந்திருக்கிறது.

ஜூன் 28

கலிங்கத்துப்பரணியை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான், தகுந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.

பரணியில் குலோத்துங்கன் பாலாற்றங்கரைக்கு வேட்டைக்கு வந்து, காஞ்சியில் கொலுவிருக்கிறான். அரசர்கள் திறை கொண்டு வருகிறார்கள். கலிங்க அரசன் மட்டும் இரண்டு முறை வரவில்லை. கருணாகரத் தொண்டைமான் காஞ்சியிலிருந்து படையோடு புறப்படுகிறான், ஆறு ஆறாகக் கடந்து போகிறான். அங்கே நடப்பதைச் சயங்கொண்டார் எப்படிப் பாடியிருக்கிறார் என்று நமக்குத் தெரியும். பேய்கள் கூழ் அட்டு உண்ணும் அளவுக்குப் பிணம்.

நாம் அதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். கலிங்கத்தார் என்ன பட்டார்கள் என்று ஒரு நாளும் எந்த ஆசிரியரும் கேட்டதில்லை. அவர்கள் காஞ்சியிலிருந்து தொடங்கிய கதையை, ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டு கழித்து, காஞ்சியில் முடித்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வரலாற்றுத் தொடர்பு என்று நான் வாதாட மாட்டேன், மனத்தில் தைப்பதைச் சொல்கிறேன்.

இன்னொன்று. பரணியில் தோற்கும் அனந்தவர்மன்தான், பூரியில் இன்று நிற்கும் பெரிய கோயிலைத் தொடங்கிய அனந்தவர்ம சோடகங்கன் என்பார்கள். அவனுடைய தாய் ராஜசுந்தரி சோழர் மகள். பத்மாவதி கதையில்தான் இருந்தாள் என்றாலும், தமிழ்நாட்டிலிருந்து கலிங்கத்துக்கு ஓர் அரசகுமாரி உண்மையிலேயே போயிருக்கிறாள். அவளுடைய மகன் கட்டத் தொடங்கிய கோயிலின் தேரைத்தான் புருஷோத்தமர் பெருக்கினார்.

ஜூலை 2

ராமசங்கருக்குப் பிறகு என்ன என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. கோதாவரீஷ் மிஸ்ரா இதே அரசரை வைத்து 'புருஷோத்தம தேவ' என்று ஒரு நாடகம் எழுதினார். காளிசரண் பட்நாயக்கின் 'பாத' 1944இல் மேடையேறியது. பாத என்றால் சோறு. அரசர்கள் இறங்கிப்போய், பசி மேடையேறிய நாடகம் அது. மனோரஞ்சன் தாஸின் 'அரண்ய பசல' சாகித்ய அகாதெமி விருது பெற்றது, 1971இல். அதற்குள் கதை சொல்லும் முறையே மாறிவிட்டது.

இந்த மூவரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். இங்கே நுழைத்தால் மாணிகா நெரிபடுவாள்.

ஜூலை 7

இன்று தேர். தொலைக்காட்சியில் சேரா பஹன்ரா பார்த்தேன். வெள்ளை உடையில் அரசர் பல்லக்கில் வந்து ஒவ்வொரு தேராக ஏறிப் பெருக்கினார். பூவும் நீரும் தெளித்தபோது, பின்னால் நின்ற அமைச்சரைத் தேடின என் கண்கள்.

தமிழில் இந்தக் கதை வராதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். மாணிகா பகுதியை மட்டும், மாவுசி எனக்குச் சொன்னபடி, தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து நாளாக ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். குதிரையில் வரும் இரண்டு முன்பின் தெரியாத வீரர்களை அவள் எப்படிக் கூப்பிடுவாள்? 'ஐயா' என்றால் அலுவலகத்தில் மனு கொடுப்பது போல் இருக்கிறது. 'தம்பி' என்றால் அவள் அஞ்சவில்லை என்றாகிவிடும். 'வீரர்களே' என்று எந்தத் தயிர்க்காரியும் கூப்பிட மாட்டாள்.

எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகள் தலையில் கூடை வைத்து மோர் விற்ற அம்மாள் இருக்கிறார். இன்று காலை அவரிடமே கேட்டேன். போலீஸ்காரரோ பெரிய இடத்து ஆளோ வழியில் மோர் கேட்டால் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

"வேறு எப்படி? 'வாங்க சாமி' என்பேன்" என்றார்.

உள்ளே வந்து அந்த வரியை எழுதிவிட்டேன். மாணிகாவுக்கு அவர்கள் யாரென்று தெரியாது. கூப்பிடுவது மட்டும் சரியாக வந்துவிட்டது. மீதியை வாரக் கடைசிக்குள் முடித்து இங்கே போடுகிறேன்.